அச்சுக்கூடத்தின் முதற் காசு

கல்லூரி விழா மலர்களை விரிப்போர் அவற்றிலே நீதியரசரைக் காண்பர். வைத்தியரையும் பொறியியலாளரையும் காண்பர். கடை வைத்துப் பிழைத்தவரைக் காண்பது அரிது. உத்தியோகத்துக்கு எம்மவர் அளித்த மதிப்பைத் தொழில் தொடங்குவோர்க்கு அளித்ததில்லை. மகனுக்கு எழுதுவினைஞர் நியமனம் கிடைத்ததென்று கோயிலில் அருச்சனை செய்வித்த தந்தையர் பலரை நாம் அறிவோம். மகன் கடை திறந்தான் என்று அவ்வாறு செய்தோர் மிகச் சிலரே. இன்று காலம் சிறிது மாறியிருக்கின்றது. எம் பழைய மாணவர் பலர் கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சொந்தமாகத் தொழில் நடத்துகின்றனர். மேல்வகுப்பு மாணவரும் அவ்வழியைப் பற்றி வினவத் தொடங்கியுள்ளனர். அவர்கள் பொருட்டு, இம்மலரில், கடை வைத்த ஒருவரின் சரித்திரத்தைக் கூற முற்படுகின்றோம்.

அவர் பெயர் பெஞ்சமின் பிராங்கிளின். விஞ்ஞான வகுப்பில், இடிமேகத்தினிடையே பட்டம் விட்டு மின்னலின் இயல்பை ஆராய்ந்தவர் என்று அவரைப் படித்தோம். சரித்திர வகுப்பில், அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் ஒப்பமிட்டோருள் ஒருவர் என்று படித்தோம். அவரோ தம் வாழ்நாள் முழுவதும் தம்மை அச்சுத்தொழிலாளர் என்றே கூறிக்கொண்டவர். அத்தொழிலில் தமது சொந்த அச்சுக்கூடத்துக்கு முதன்முதலாக வந்து சேர்ந்த ஐந்து சிலிங் பணத்தைப் பற்றி அவர் முதுமையில் எழுதிய செய்தியே எம் உள்ளத்தைக் கவர்ந்தது. அதனை நடுவில் வைத்து அவர் வரலாற்றைச் சொல்வோம்.

1706ஆம் ஆண்டு சனவரி 17ஆந் திகதி, அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலே பிராங்கிளின் பிறந்தார். தந்தையார் யோசையா, இங்கிலாந்திலிருந்து குடியேறியவர்; விலங்குக் கொழுப்பைக் காய்ச்சி மெழுகுதிரியும் சவர்க்காரமும் செய்து விற்றவர். இரு மனைவியர் வயிற்றிலும் அவருக்குப் பிறந்த பிள்ளைகள் பதினெழுவர். ஆண்மக்களுள் கடைக்குட்டி பெஞ்சமின். எட்டு வயதில் இலக்கணப் பள்ளிக்கு அனுப்பப்பட்ட சிறுவன் அங்கே ஓராண்டும் நிறைவுறப் படித்தானில்லை. எழுத்தும் கணிதமும் கற்பிக்கும் வேறொரு பள்ளியிலும் சிறிது காலமே இருந்தான். பத்து வயதில் படிப்பு நின்றது. திரி வெட்டவும் அச்சில் கொழுப்பு ஊற்றவும் தந்தையின் பட்டறைக்கு வந்துவிட்டான். அவன் பள்ளியில் இருந்த காலம் எல்லாம் கூட்டினும் இரண்டாண்டு அளவே. இக்கல்லூரியில் பத்தும் பன்னிரண்டும் ஆண்டுகள் இருந்து வெளியேறிய நாம் இதனைச் சற்றே எண்ணிப் பார்த்தல் தகும்.

கொழுப்புக் காய்ச்சும் தொழில் சிறுவனுக்குப் பிடிக்கவில்லை. புத்தகப் பித்து மிகுந்தவனாதலால், பன்னிரண்டாவது வயதில் அச்சகம் நடத்திய தமையன் யேம்ஸிடம், இருபத்தொரு வயது வரையும் பணிபுரியும் உடன்படிக்கையுடன் தொழில் பயிலச் சேர்க்கப்பட்டான். தொழில் விரைவில் வசப்பட்டது, தமையனோ கைநீட்டுபவனாயிருந்தான். 1723இல், உடன்படிக்கைக் காலம் முடியுமுன், பதினேழு வயது இளைஞன் எவருக்கும் தெரியாமல் கப்பலேறி நியூயோர்க் சென்றான். அங்கே வேலை கிடையாமையால் பிலடெல்பியாவுக்குப் போனான். ஒக்டோபர் மாதத்து ஒரு காலைவேளையில், அழுக்கேறிய உடையும் பசித்த வயிறுமாக அந்நகரத் துறையில் இறங்கியபோது அவன் கையிலிருந்தவை ஒரு ஒல்லாந்து டொலரும் ஏறக்குறைய ஒரு சிலிங் பெறுமதியான செப்புக்காசும் மாத்திரமே. செப்புக்காசைப் படகுக்காரரிடம் கொடுத்துவிட்டான். மூன்று பென்சுக்குப் பாண் கேட்க, அவ்வூர் மலிவு அறியாத அவனுக்குப் பெரிய பாண்கள் மூன்று கிடைத்தன. இரண்டை இரு கமுக்கட்டிலும் இடுக்கிக்கொண்டு மூன்றாவதைக் கடித்தபடி வீதியிலே நடந்தவனை, ஒரு வீட்டு வாயிலில் நின்ற பெண்ணொருத்தி பார்த்து நகைத்தாள். டெபோரா றீட் என்னும் அப்பெண்ணே பின்னாளில் அவருக்கு மனைவியாயினாள்.

அந்நகரில் சாமுவேல் கைமர் என்பவர் புதிதாக ஓர் அச்சகம் வைத்திருந்தார். பழுதான அச்சுப்பொறியும் தேய்ந்த எழுத்துகளுமே அவர் முதல். தொழில் அறிவும் அவருக்குக் குறைவு. பிராங்கிளின் அங்கே வேலையில் அமர்ந்தார். இந்நிலையில் மாகாண ஆளுநர் வில்லியம் கீத் அவரைக் கண்டு வியந்து, தனி அச்சகம் வைத்துத் தருவதாக வாக்களித்தார். இலண்டன் சென்று எழுத்துகளையும் பொறியையும் நேரிலே தெரிந்து வாங்குமாறும், அதற்கு வேண்டிய கடன் உறுதிக் கடிதங்களைக் கப்பலில் அனுப்பிவைப்பதாகவும் சொன்னார். 1724 டிசம்பர் 24ஆந் திகதி இலண்டனை அடைந்தபின்னரே அப்படி ஒரு கடிதமும் கப்பலில் இல்லை என்பது வெளியாயிற்று. ஆளுநருக்கு எவரும் கடன் கொடார் என்பதும், கொடுப்பதற்கு அவரிடம் ஒன்றும் இல்லாமையால் வாக்கையே வழங்கி வந்தார் என்பதும் அப்பொழுதுதான் தெரிந்தன. கடல் கடந்து திக்கற்று நின்ற அந்தப் பதினெட்டு வயது இளைஞரின் மனநிலையை நாம் ஊகித்துக்கொள்ளலாம். பிற்காலத்தில் பிராங்கிளின் கீத்தை வன்மையாக ஏசவில்லை. எல்லோரையும் மகிழ்விக்க விரும்பினார், கொடுக்கச் சிறிதே இருந்தமையால் நம்பிக்கையைக் கொடுத்தார் என்னும் கருத்துப்பட எழுதி விட்டுவிட்டார். பெரியோர் புகழ்மொழி வேறு, காசு கொடுத்துப் பொருள் கொள்ளும் ஒருவர் வருகை வேறு என்பதை இத்துணைக் கடுமையாகக் கற்றவர் பலர் இரார்.

இலண்டன் அச்சகங்களில் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு உழைத்த பின்னர், டென்ஹாம் என்னும் நல்ல வணிகர் ஒருவர் துணையால் 1726இல் பிலடெல்பியா மீண்டார். டென்ஹாமின் கடையில் கணக்கும் வியாபாரமும் பழகினார். அவர் நோய்ப்பட்டு இறக்கவே, பிராங்கிளின் மீண்டும் கைமரிடமே போகவேண்டியதாயிற்று. இம்முறை அச்சகத்தை மேற்பார்ப்பவராகச் சென்றார். பயிற்சியற்ற வேலையாட்களைப் பழக்குவது அவர் பொறுப்பு. எழுத்துகள் குறைந்தபோது அச்சுவார்த்துக் கொண்டார், மையும் காய்ச்சினார். ஆட்கள் தேறத் தேறக் கைமரின் முகம் கடுத்தது. ஒருநாள் வெளியிலே ஏதோ ஆரவாரம் கேட்டுப் பிராங்கிளின் யன்னலால் தலையை நீட்டிப் பார்க்க, வீதியில் நின்ற கைமர் அயலார் கேட்க உரத்த குரலில் அதட்டினார். பிராங்கிளின் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியேறிவிட்டார்.

அன்று மாலையே அவரைத் தேடி வந்தவர் ஹியூ மெரிடித் என்னும் சக தொழிலாளி. கமத்தொழிற் குடும்பத்தவர், முப்பது வயதளவில் தொழில் பழக வந்தவர், நல்லவர், ஆனால் குடிப்பழக்கம் உடையவர். தம் தந்தை பணம் இடுவார், பிராங்கிளின் தம் திறமையை இடட்டும், இலாபத்தைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வோம் என்றார் மெரிடித். பிராங்கிளினின் சேர்க்கையால் மகனின் குடி குறைந்திருப்பதைக் கண்ட தந்தையும் இசைந்தார். வேண்டிய பொருள்களுக்கு இலண்டனுக்கு எழுதப்பட்டது. அவை வரும்வரை விஷயம் மறைவாக இருந்தது. இதற்கிடையில், நியூ ஜேர்சி மாகாணத்துக்குக் கடதாசி நாணயம் அச்சிடும் வேலை வரவே, அதைச் செய்யவல்லவர் வேறு இன்மையால் கைமர் தாமே பிராங்கிளினை அழைத்து இணக்கம் செய்துகொண்டார். அவ்வேலைக்கெனச் செப்புத்தகட்டு அச்சுப்பொறியொன்றைப் பிராங்கிளின் அமைத்தார். அந்நாட்டில் அதுவே அவ்வகையில் முதலாவது. வேலை முடிந்து ஊர் திரும்பிச் சில நாளில் இலண்டன் எழுத்துகள் வந்து சேர்ந்தன. 1728இல், தமது இருபத்திரண்டாம் வயதில், கைமரிடம் முறைப்படி விடைபெற்றுக்கொண்டு பிராங்கிளின் வெளியேறினார்.

இனி, அச்சகம் வைப்பது என்றால் என்னவென்று இக்காலத்து மாணவர் அறிதல் வேண்டும். கணினியில் பக்கம் அமைத்துப் பழகியோர்க்கு அக்காலச் செலவு விளங்காது. எழுத்து ஒவ்வொன்றும் ஈயக் கலவையில் வார்த்த தனித்தனிக் கட்டை. ஒரு புத்தகத்தின் சில பக்கங்களை ஒருசேரக் கோப்பதற்கே பல்லாயிரம் எழுத்துகள் வேண்டும். அவற்றை இட்டுவைக்கும் அறைப்பெட்டிகள், கோக்கும் கோல், பக்கத்தை இறுக்கும் இரும்புச் சட்டம், மை, மை பூசும் தோற்பந்து, கடதாசி ஆகிய யாவும் முதலிலேயே வாங்கப்படல் வேண்டும். வேலை தருவோர் வந்தாலென்ன, வாராவிட்டாலென்ன, இத்தனையும் முன்னரே கடைக்குள் இருத்தல் வேண்டும். நாவலர் பெருமான் வண்ணார்பண்ணையில் அச்சியந்திரசாலை நிறுவிய வரலாற்றைக் கேட்டு வளர்ந்த எமக்கு, ஓர் யந்திரசாலையை நிறுவுதல் எத்துணைப் பாரம் என்பது முற்றும் புதிதன்று.

இரு பங்காளரும் சந்தைக்கு அருகே ஒரு வீட்டை ஆண்டுக்கு 24 பவுண் வாடகைக்கு எடுத்தனர். அவ்வாடகையைத் தனியே தாங்கமாட்டாமல், கண்ணாடித் தொழிலாளியும் கணிதப் பிரியருமான தொமஸ் கொட்பிரே என்பவரைக் குடும்பத்துடன் அதே வீட்டில் குடியிருத்தி, வாடகையிற் பெரும்பங்கை அவரிடம் பெற்றனர். உணவும் அவர் வீட்டிலேயே உண்டனர். எழுத்துப் பொதிகளை அவிழ்த்து அறைகளில் இட்டனர். பொறியை நிறுத்திச் சீர்செய்தனர். அது வேண்டும், இது வேண்டும் என்று வாங்கி வாங்கிக் கைப்பணம் முழுவதும் தீர்ந்துவிட்டது. எழுத்துகள் புத்தம் புதியன; பொறி ஒழுங்காக நிற்கின்றது; தொழிலறிந்த கைகள் நான்கு சும்மா இருக்கின்றன. வாயிற்படியில் ஒருவரும் இல்லை.

தொழில் தொடங்கிய எம் நண்பர்கள் இந்த இடைவேளையைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்தி விடுவதை நாம் கவனித்திருக்கின்றோம். கடன் பட்டதைச் சொல்வர், நட்டப்பட்டதைச் சொல்வர், கடையைத் திறந்துவைத்து வாயிலைப் பார்த்துக்கொண்டிருந்த நாள்களை மாத்திரம் எளிதில் சொல்லார். அவ்வேளையில், தொழிலைச் செய்ய வல்லோமா என்னும் ஐயம் பின்னுக்குப் போய்விடும். எம்மை ஒருவரும் வேண்டாரோ என்னும் அச்சமே முன்னுக்கு நிற்கும். பிராங்கிளின் கைத்திறனில் ஐயங்கொண்டவர் அல்லர். அந்நகரிலே தம்மை ஒத்த அச்சுத் தொழிலாளர் இல்லை என்று அவருக்கே தெரியும். ஆயினும் அத்திறமையால் கைமரின் பெயரே விளங்கிற்று. இவர் பெயரை அறிந்து வேலை தருவார் ஒருவரும் அதுவரை இலர். ஊரில் முன்னரே இரண்டு அச்சகங்கள் இருந்தன என்பதையும் மறத்தலாகாது.

அவ்வேளையில் ஜோர்ஜ் ஹவுஸ் என்னும் அறிமுகமான ஒருவர் படியேறி வந்தார்; அவரோடு நாட்டுப்புறத்தார் ஒருவர் வந்தார். அச்சடிப்பவர் எவரேனும் உளரோ என்று வீதியிலே விசாரித்து நின்ற அவரை, ஹவுஸ் கண்டு அழைத்துவந்திருந்தார். வேலை நடந்தது; ஐந்து சிலிங் கிடைத்தது. நிகழ்ந்தது இவ்வளவே. வந்தவர் பெயரைப் பிராங்கிளின் எழுதிவைக்கவில்லை. அவர் எதை அச்சிட்டுப் போனார் என்றும் எழுதவில்லை. பணம் எத்துணை என்பதையும், அழைத்து வந்தவர் பெயரையும், அப்பொழுது தமக்குண்டான மகிழ்ச்சியையும் மாத்திரமே எழுதினார். கைப்பணம் வற்றிய நேரத்தில், முதற் கனியாக வந்த அக்காசு, பின்னர் ஈட்டிய எந்தக் கிறவுண் நாணயத்தினும் மிக்க இன்பத்தைத் தமக்குத் தந்தது என்பது அவர் கூற்றின் பொருள்.

கிறவுண் என்னும் ஆங்கில நாணயத்தின் மதிப்பும் ஐந்து சிலிங்கே. ஆகவே அவர் ஒப்பிட்டது பெருந்தொகையோடு சிறுதொகையை அன்று. ஐந்து சிலிங்கையும் ஐந்து சிலிங்கையுமே. அதே அளவான காசு பின்னர் ஆயிரமாயிரம் முறை அவர் கையில் விழுந்தது. முன்னரும், கைமரிடம் பெற்ற சம்பளத்திலும் இலண்டனில் பெற்ற கூலியிலும் ஐந்து சிலிங் பலமுறை இருந்திருக்கும். அவை எல்லாம் ஒருவர் பொறியில் உழைத்து அவர் பெட்டியிலிருந்து பெற்ற பணம். இதுவோ, தமது வாயிலைத் தேடிவந்து, தமது வேலையைப் பார்த்து, தமது கையில் ஓர் அந்நியர் வைத்த பணம். அந்நியர் என்பதே இங்கு முக்கியம் என்று நாம் கருதுகின்றோம். மெரிடித்தின் தந்தை பணம் தந்தது மகன்மீது கொண்ட அன்பினால். கீத் புகழ்ந்தது தம் இயல்பினால். பிராங்கிளின் யார் என்றே அறியாத அந்தக் கமக்காரர் ஐந்து சிலிங் கொடுத்தது, அச்சிட்ட தாள் அதற்குப் பெறும் என்பதனால். எம் கடைவீதிகளிலே முதல் வியாபாரக் காசைக் கண்ணில் ஒற்றிப் பெட்டியிலிடும் முதலாளிமார் கைராசி என்று சொல்வதன் உள்ளே கிடப்பதும் இவ்வுணர்ச்சியே போலும்.

இன்னும் ஒன்று உண்டு. அம்மகிழ்ச்சியைச் சொன்ன அதே வாக்கியத்தில், ஹவுஸிடம் தமக்கு உண்டான நன்றியையும் சொல்லுகின்றார் பிராங்கிளின். அந்நன்றியே, புதிதாகத் தொழில் தொடங்கும் இளைஞர்க்கு உதவுவதில், வேறுவிதமாயின் இருந்திருக்கக்கூடியதிலும் மிகுந்த ஆர்வத்தைத் தமக்கு ஊட்டிற்று என்கின்றார். ஹவுஸ் பணம் ஒன்றும் இடவில்லை. வீதியில் ஒருவர் கேட்டதற்கு வழி காட்டி, கூடவே நடந்து வந்தார். அவருக்கு அது சில நிமிட வேலை.

இதன்பின் நடந்த ஒன்றையும் பிராங்கிளின் அடுத்தாற்போலவே எழுதியிருப்பது வேடிக்கை. சாமுவேல் மிக்கிள் என்னும் முதியவர், ஊரில் மதிப்புள்ளவர், அறிவாளித் தோற்றமும் நிதானமான பேச்சும் உடையவர், ஒருநாள் அச்சக வாயிலில் நின்று, புதிதாக அச்சகம் திறந்த இளைஞர் நீர்தாமோ என்று கேட்டார். ஆம் என்றதும், தமக்கு வருத்தமாயிருக்கின்றது என்றார். செலவு மிகுந்த முயற்சி, இட்ட பணம் போய்விடும், பிலடெல்பியா வீழ்ந்துவரும் ஊர், பாதிப்பேர் முறிந்துவிட்டனர் அல்லது முறியும் தறுவாயில் உள்ளனர் என்று நெடுக அடுக்கினார். கேட்டிருந்த பிராங்கிளினுக்குப் பாதி உயிர் போயிற்று. இவரை முன்னரே கண்டிருந்தால் தொழிலில் இறங்கியே இரேன் என்று பின்னர் எழுதினார். எல்லாம் அழிந்துபோகும் என்று கூறி அந்நகரில் வீடு வாங்காதிருந்த மிக்கிள், பல ஆண்டுகளின் பின், முன்னைய விலையைப்போல் ஐந்து மடங்கு கொடுத்து வீடு வாங்கினாராம். ஹவுஸ் நின்ற அதே வாயிலிலேதான் மிக்கிளும் நின்றார். இத்தகைய பெரியவர்கள் எம் ஊரிலும் இல்லாமல் இல்லை. அறிவுரை கேட்டு வரும் இளையோரிடம் நாமே சிலவேளைகளில் மிக்கிளாக இருந்துவிட்டோம் என்பதையும் ஒப்புக்கொள்கின்றோம்.

ஐந்து சிலிங் ஒரு வாரத்துக்கும் போதாது. தொடர்ந்து வேலை வந்தது நண்பர்களால். 1727இல் பிராங்கிளின் ஒரு சங்கம் அமைத்திருந்தார். யுண்டோ என்பது அதன் பெயர். தொழிலாளரும் எழுதுவினைஞரும் வெள்ளிக்கிழமை மாலைகளில் கூடி ஆராய்ந்து பேசிய சிறு கழகம் அது. அதன் உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தமக்குத் தெரிந்த இடத்தில் வேலை தேடிக் கொடுத்தனர். பிரெயிந்த்நல் என்பவர், குவேக்கர் சமயத்தாரின் சரித்திர நூலில் நாற்பது தாள் அச்சிடும் வேலையைப் பெற்றுத் தந்தார். எஞ்சியதைக் கைமர் செய்தார். கூலி குறைவு. நாளுக்கு ஒரு தாள் என்று பிராங்கிளின் எழுத்துக் கோப்பார். மெரிடித் பொறியில் அடிப்பார். அடித்து முடிந்த எழுத்துகளைப் பிரித்து மறுநாளைக்கு அறைகளில் இடுவதற்குள் இரவு பதினொரு மணியும் கடந்துவிடும். ஓரிரவு, நாளின் வேலை முடிந்ததென்று இருந்தபோது, பூட்டிவைத்த பாரம் ஒன்று தற்செயலாக உடைந்து இரண்டு பக்கத்து எழுத்துகளும் சிதறிக் குவிந்தன. அச்சுக்கோப்பாளர் எவர்க்கும் அந்தக் காட்சியின் கொடுமை விளங்கும். பிராங்கிளின் அவற்றைப் பிரித்திட்டு, இரண்டு பக்கங்களையும் மீளக் கோத்து முடித்த பின்னரே படுக்கைக்குப் போனார்.

அவ்வெளிச்சத்தை வீதியிற் போனவர்கள் பார்த்தனர். வணிகர் கழகமொன்றில் இப்புதிய அச்சகத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது, இரண்டு இருக்கும் ஊரில் மூன்றாவது நிலையாது என்றனர் பலரும். பெயார்ட் என்னும் வைத்தியர் மாத்திரம் மறுத்தார்: தாம் கழகத்தால் வீடு திரும்பும்போதும் அவ்விளைஞர் வேலையில் இருக்கின்றார், அயலார் துயிலெழுமுன் மறுபடியும் வேலையில் இருக்கின்றார், இத்தகைய முயற்சியைத் தாம் வேறெங்கும் கண்டதில்லை என்றார். அது கேட்ட வணிகர் ஒருவர் கடதாசி முதலிய எழுதுபொருள்களைக் கடனுக்குத் தர முன்வந்தார். வாங்கிய கடதாசியைச் சிலபோது தாமே கைவண்டியில் ஏற்றி வீதிவழியே தள்ளிக்கொண்டு வந்தார் பிராங்கிளின். உழைப்பாளியாக இருத்தலோடு அவ்வாறு காணப்படவும் வேண்டும் என்று எண்ணியே அவ்விதம் செய்ததாக அவரே ஒளியாமல் கூறியிருக்கின்றார். இதனைப் பாசாங்கு என்பாரும் உளர். கடன் கொடுத்தவர் கண்ணுக்கு எதிரே தொழில் நடத்திய ஒருவரை அவ்வாறு குறைகூற எமக்கு மனமில்லை.

1729 ஒக்டோபரில் கைமர் நடத்தித் தோற்ற பத்திரிகையை மலிவாக வாங்கி நடத்தத் தொடங்கினர். அப்பொழுதே இடி விழுந்தது. மெரிடித்தின் தந்தையார் ஒப்புக்கொண்ட 200 பவுணில் 100 மாத்திரமே கொடுத்திருந்தார். மிகுதிக்கு வணிகர் வழக்குத் தொடுத்தார். பணம் கட்டாவிடில் பொறியும் எழுத்தும் ஏலத்தில் பாதிவிலைக்குப் போய்விடும். அந்நேரத்தில் வில்லியம் கோல்மன், றொபேட் கிறேஸ் என்னும் நண்பர் இருவர், ஒருவர் வருவதை மற்றவர் அறியாமல், தனித்தனியே வந்து, வேண்டிய பணம் முழுவதையும் தருவதாகக் கூறினர். மெரிடித்தை விட்டுவிடவேண்டும் என்பது அவர்கள் விருப்பம். அவர் வெறியோடு வீதியிற் காணப்படுவது இருவருக்கும் பிடிக்கவில்லை. மெரிடித் குடும்பத்தார் தம் பங்கை நிறைவேற்றக்கூடும் என்னும் நம்பிக்கை இருக்கும்வரை பிரிவைப்பற்றிப் பேசமாட்டேன் என்று பிராங்கிளின் கூறிவிட்டார். பின்னர் மெரிடித்தே, தமக்கு உரியது கமத்தொழிலே என்று சொல்லி, வட கரோலைனாவுக்குப் போக விரும்பினார். தந்தை கொடுத்த 100 பவுணும் சில்லறைக் கடன்களும் தீர்த்து, தமக்கு 30 பவுணும் புதிய குதிரைச் சேணம் ஒன்றும் தந்தால் போதும் என்றார். அவ்வாறே 1730இல் பங்கு பிரிந்தது. எவர் மனமும் நோகாதபடி, நண்பர் இருவரிடமும் பாதிப்பாதியாகவே பிராங்கிளின் பணம் பெற்றார்.

இதன் மேல் அவர் செல்வம் வளர்ந்த கதையை விரிக்க வேண்டியதில்லை. சட்டசபையின் அச்சு வேலைகள் வந்தன. கடதாசி நாணயம் அச்சிடும் வேலையும் வந்தது. 1732இன் இறுதியில் வெளியிடத் தொடங்கிய ஏழை றிச்சாட் என்னும் பஞ்சாங்கம் இருபத்தைந்து ஆண்டுகள் வீடுதோறும் புகுந்தது. கைமர் கடன் மிகுந்து அச்சகத்தை விற்றுவிட்டு பார்படோஸ் தீவுக்குப் போனார். 1748இல், நாற்பத்திரண்டு வயதில், தம் தொழிலாளியான டேவிட் ஹோலைப் பங்காளியாக்கி அச்சகத்தை அவரிடம் ஒப்புவித்துவிட்டு, பிராங்கிளின் விஞ்ஞானத்திலும் பொதுப்பணியிலும் இறங்கினார்.

குற்றங்களும் உண்டு. ஒருவர் தண்டிக் கொடுக்கும்படி ஒப்படைத்த பணத்தை இளமையில் நண்பன் ஒருவனுக்குக் கொடுத்து இழந்துவிட்டு, பல ஆண்டுகள் அச்சத்தோடு வாழ்ந்து, பின்னர் வட்டியோடு திருப்பிக் கொடுத்தார். அவர் பத்திரிகையில் அடிமை விற்பனை விளம்பரங்கள் வெளியாயின. அவர் வீட்டிலும் அடிமைகள் இருந்தனர். முதுமையிலே, 1787இல், அடிமைமுறை ஒழிப்புச் சங்கத்துக்குத் தலைவரானார் என்பது உண்மை. அவ்விளம்பரங்களின் கூலியும் அவர் பெட்டியில்தான் விழுந்தது என்பதும் உண்மை.

ஹவுஸுக்குப் பட்ட கடனை அவர் எவ்வாறு இறுத்தார் என்பதே நாம் சொல்ல விரும்புவது. 1731இல் தொமஸ் விற்மார்ஷ் என்னும் தொழிலாளியைத் தென் கரோலைனாவின் சார்ள்ஸ்ரன் நகருக்கு அனுப்பினார். பொறியும் எழுத்தும் பிராங்கிளின் கொடுப்பார்; செலவில் மூன்றிலொன்று ஏற்று இலாபத்தில் மூன்றிலொன்று பெறுவார். ஒப்பந்தக் காலமாகிய ஆறாண்டு முடிந்தால் தொழிலாளி பொறியை வாங்கித் தனித்து நிற்கலாம். விற்மார்ஷ் இறந்தபின் அங்கே சென்றவர் ஒல்லாந்து வழியாக வந்த திமொதி என்பவர். அவர் கற்றவரேனும் கணக்கு அனுப்பத் தெரியாதவர். அவரும் 1738இல் இறக்க, மனைவி எலிசபெத் தொழிலை ஏற்றார். பெண்களுக்குக் கணக்கு கற்பிக்கும் ஒல்லாந்து நாட்டு வழக்கத்தில் வளர்ந்த அவ்வம்மையார், காலாண்டு தவறாமல் துல்லியமான கணக்கு அனுப்பியதோடு, பிள்ளைகளையும் நல்வழியில் வளர்த்து, ஒப்பந்தம் முடிந்ததும் அச்சகத்தை வாங்கி மகனைத் தொழிலில் அமர்த்தினார். இச்செய்தியைப் பிராங்கிளின் மிகவும் பெருமையோடு எழுதியிருக்கின்றார். பெண்பிள்ளைகளுக்குக் கணக்குக் கற்பியுங்கள் என்றும் அவ்விடத்தே வற்புறுத்துகின்றார். இவ்வாறே வேறு ஊர்களிலும் அவர் துணையால் அச்சகங்கள் எழுந்தன. உடன்படிக்கையை மீறித் தாம் விட்டோடிய தமையன் யேம்ஸ் நோயுற்றுத் தளர்ந்தபோது, அவர் மகனுக்குச் சில ஆண்டு கல்வியும் பின்னர் அச்சுத் தொழிலும் பயிற்றுவித்து, தொழிலில் நிற்கும் பருவம் வந்தபோது புதிய எழுத்துத் தொகுதியொன்றையும் கொடுத்தனுப்பினார்.

இவற்றையெல்லாம் பிராங்கிளின் எழுதத் தொடங்கியது 1771இல், இங்கிலாந்தின் துவைபோட் என்னும் ஊரில், நண்பரான மேற்றிராணியார் ஒருவர் இல்லத்தில். அப்பொழுது அவருக்கு வயது அறுபத்தைந்து. இலண்டன் றோயல் சங்கத்தின் கொப்லி பதக்கத்தை 1753இல் பெற்றாயிற்று. 1759இல் சென் அன்ட்றூஸ் பல்கலைக்கழகத்தின் கலாநிதிப் பட்டமும் வந்தாயிற்று. நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்த ஐந்து சிலிங்கும், அதைக் கொண்டுவந்து சேர்த்த ஜோர்ஜ் ஹவுஸின் பெயரும் அவர் நினைவில் அப்படியே இருந்தன.

1790 ஏப்பிரில் 17ஆந் திகதி, எண்பத்து நான்காம் வயதில் அவர் பிலடெல்பியாவில் காலமானார். அவரது மரணசாதனத்தில் பெயருக்கு அடுத்து முதலில் எழுதப்பட்டிருப்பது அச்சுத்தொழிலாளர் என்னும் சொல். பிரான்சுக்குத் தூதராயிருந்ததும் மாகாணத் தலைவராயிருந்ததும் அதன் பின்னரே வருகின்றன. 1789இல் அதனோடு சேர்த்த இணைப்பில், பிறந்த ஊராகிய பொஸ்ரனுக்கும் வாழ்ந்த ஊராகிய பிலடெல்பியாவுக்கும் ஆயிரம் பவுண் வீதம் விட்டுச்சென்றார். தொழில் பயின்று முடித்த, இருபத்தைந்து வயதுக்கு உட்பட்ட, மணமான தொழிலாளர்க்கு அப்பணம் நூற்றுக்கு ஐந்து வட்டியில் கடனாக வழங்கப்பட வேண்டும். நற்குடிமக்கள் இருவர் பிணை நிற்க வேண்டும். இருநூறாண்டு இது நடைபெற வேண்டும் என்பது ஏற்பாடு. தாமும் இரு நண்பர் தந்த கடனாலேயே தொழிலில் நிலைத்ததாகக் காரணமும் எழுதியிருந்தார். காலம் செல்லத் தொழில் பயிலும் முறை மாறிற்று. கடன் கேட்போர் குறைந்தனர். முதல் நூற்றாண்டின் முடிவில் கிடைத்த பணத்தின் ஒரு பகுதியால் பொஸ்ரனில் தொழில்நுட்பக் கல்லூரியொன்று எழுந்து 1908இல் திறக்கப்பட்டது. இருநூறாண்டு தவணை 1990ஐ ஒட்டி முடிந்தபோது, பொஸ்ரனில் சுமார் 50 இலட்சம் டொலரும் பிலடெல்பியாவில் 20 இலட்சத்துக்கு மேலும் சேர்ந்திருந்தன.